மதியம் ஒரு மணிக்குக் கட்டில் எவ்வளவு தூரம்? தீம் பார்க் கேரவன் கேம்ப்: எந்த மாதிரி நமக்குச் சரிவரும்

சென்னையில் தீம் பார்க் என்றாலே தெற்கு, இல்லாவிட்டால் மேற்கு. விஜிபி, எம்ஜிஎம் இரண்டும் ஈசிஆரில். குயின்ஸ்லேண்ட் பூந்தமல்லி தாண்டி. வண்டர்லா வந்தபோதும் திருப்போரூர் பக்கம்தான் போனது. தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ இருப்பவர் பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டுமென்றால் இருட்டோடு கிளம்பி, ஊரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடந்து, ராத்திரி ஈரத்துணிப் பையோடு அதே வழியில் திரும்ப வேண்டும். வடசென்னைக்குத் துறைமுகம் உண்டு, அனல்மின் நிலையம் உண்டு, குப்பைக் கிடங்கு உண்டு. ராட்டினம் மட்டும் மாசித் திருவிழாவுக்கு வந்து போவதோடு சரி.

எனவே இது முழுக்க ஆசைக் கணக்கு. நம்ம பக்கம் ஒரு பெரிய தீம் பார்க் வந்து, அதோடு சேர்ந்து கொஞ்சம் வசதியான கேரவன் கேம்பும் வந்தால் அது எப்படி இருக்க வேண்டும்? எங்கள் வீட்டில் இந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தவன் என் மச்சான். ஃபுளோரிடாவில் வேலை. வாடகைக்கு ஒரு மோட்டார் ஹோம், அதாவது நாமே ஓட்டிப் போகிற கேரவன், எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு டிஸ்னி வேர்ல்டின் ஃபோர்ட் வில்டர்னஸில் தங்கிவிட்டு வந்தான். "மாமா, கான்கிரீட் மேல வண்டி நிக்குது, ஒரு இன்ச் சாயல. பைப்ப மாட்டு, வயர மாட்டு, அவ்ளோதான், வீடு ரெடி" என்று வீடியோ காலில் காட்டினான். அன்றிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு பிளான்.

கேரவன் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது நடிகர்தான். பெரம்பூர் பின்னி மில்லில் ஷூட்டிங் நடக்கும்போது கேரவனை வெளியே நின்று பார்த்த தலைமுறை நாங்கள். அமெரிக்காவில் அது ஓய்வுபெற்ற வாத்தியார்கூட வைத்திருக்கிற வண்டி. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும். கேம்ப் என்பது அந்த வண்டியை நிறுத்த ஓர் இடமும் கரண்டு, தண்ணீர், கழிவுக்குழாய் என்ற மூன்று இணைப்பும். மூன்றும் இருந்தால் அதற்கு ஃபுல் ஹுக்-அப் என்று பெயர். மற்றதெல்லாம் அலங்காரம்.

எத்தனை நட்சத்திரம், நீச்சல் குளம் எவ்வளவு பெரிது என்று பார்ப்பதற்கு முன்னால் நான் ஒன்றே ஒன்றைப் பார்ப்பேன். மதியம் ஒரு மணிக்கு, வெயில் தலைக்கு மேல் நிற்கும்போது, சின்னவன் அழ ஆரம்பித்ததும், பார்க்கிலிருந்து கட்டிலுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம்? டிஸ்னி வேர்ல்ட் இருக்கிற ஆர்லாண்டோவுக்கு அடிக்கடி போகிறவர்களிடம் கேட்டால் காலையில் கேட் திறந்ததும் உள்ளே போ, மதியம் திரும்பி வந்து தூங்கு, வெயில் தாழ்ந்ததும் மறுபடி போ என்பார்கள். ஃபுளோரிடாவுக்கே அப்படியென்றால் கத்திரி வெயிலில் நமக்கு? பார்க்குக்குப் பக்கத்திலேயே தங்குவதற்குக் காசு கொடுப்பதில் நியாயமே அந்த மதியத் தூக்கம்தான்.

என் மாமியாருக்கு இன்னொரு காரணம். "மாப்ள, சாப்பாட்டு மூட்டைய கேட்லயே வாங்கி வெச்சுக்கிறான். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க, அப்புறம் வண்டியப் பத்திப் பேசலாம்." வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது என்பது பெரும்பாலான பார்க்குகளில் சட்டம். உள்ளே ஒரு தட்டு ஃபிரைட் ரைஸ் விற்கும் விலையில் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிடலாம். பக்கத்திலேயே நம் அடுப்போடு ஒரு வண்டி நின்றால், மதியம் வந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து, காலையிலேயே மசாலா தடவி ஃபிரிட்ஜில் வைத்த வஞ்சிரத்தைத் தோசைக்கல்லில் போட்டு எடுத்து, நிம்மதியாகச் சாப்பிடலாம். ஆக, தூக்கமும் சோறும்.

இந்த அளவுகோலோடு உலகத்தில் ஏற்கெனவே இருக்கிற மாதிரிகளைப் பார்ப்போம்.

முதலில் ஃபோர்ட் வில்டர்னஸ். இந்த விஷயத்தில் தாத்தா அதுதான். டிஸ்னி வேர்ல்டின் முதல் பார்க்கான மேஜிக் கிங்டம் 1971 அக்டோபர் 1-ல் திறந்தது. அதே வருஷம் நவம்பர் 19-ல் இந்தக் கேம்ப். சுமார் 750 ஏக்கர் பைன் காடு, பே லேக் ஏரிக்கரை, ஏறக்குறைய 800 இடங்கள். இடங்களிலும் தரம் உண்டு. கூடாரத்துக்கு ஒன்று, மூன்று இணைப்பும் உள்ளது ஒன்று, படகுத்துறைக்குப் பக்கத்தில் இருப்பதால் விலை கூடியது ஒன்று, பெரிய பஸ் மாதிரி வண்டிகளுக்காக அகலமான கான்கிரீட் தளத்தோடு பிரீமியம் ஒன்று. ஒரு இடத்தில் பத்துப் பேர் வரை தங்கலாம். பத்துப் பேர் என்றதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. ஹோட்டலில் அறைக்கு நான்கு பேர் என்று சொல்லி எக்ஸ்ட்ரா பெட்டுக்குப் பில் போடுகிறவர்களைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள்.

அதன் அழகே அது ஹோட்டல் மாதிரி நடந்துகொள்ளாததுதான். கேம்ப்புக்குள் சொந்தக் காரில் சுற்றக் கூடாது. உள்ளே ஓடும் பஸ், சைக்கிள், வாடகைக்குக் கிடைக்கும் கோல்ஃப் வண்டி, இல்லாவிட்டால் நடை. மேஜிக் கிங்டத்தில் டிராம் இழுக்கும் குதிரைகளுக்கு லாயம் இங்கேதான். பிள்ளைகள் போய்ப் பார்க்கலாம். சாயங்காலம் நெருப்பு மூட்டி உட்கார்ந்து பாட்டு, அப்புறம் திறந்தவெளியில் படம். 1974-லிருந்து நடக்கும் ஹூப்-டீ-டூ என்ற சாப்பாட்டோடு கூடிய பாட்டுக் கச்சேரி. ஹாலோவீனுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஜனங்கள் தங்கள் வண்டிக்கு முன்னால் சீரியல் செட் போட்டு அலங்கரித்துப் போட்டி போடுவார்கள். வருஷா வருஷம் அதே இடத்தைக் கேட்டு வாங்குகிற குடும்பங்கள்கூட உண்டு.

ஆனால் என் ஒரு மணிக் கணக்கில் அது சறுக்குகிறது. மேஜிக் கிங்டத்திலிருந்து படகு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. படகுக்கு வரிசை, படகு வந்து இறங்கியதும் உள்பஸ்ஸுக்கு வரிசை, அது லூப் லூப்பாக, அதாவது வளையம் வளையமான தெருக்களைச் சுற்றி நம் இடத்தில் இறக்கிவிட வேண்டும். டிஸ்னி வேர்ல்டின் மற்ற மூன்று பார்க்குகளுக்குப் படகும் கிடையாது, பஸ்தான். கூட்ட நாளில் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். போக ஒரு முக்கால், வர ஒரு முக்கால் என்றால் தூக்கத்துக்கு என்ன மிச்சம்? மச்சானே ஒத்துக்கொண்டான்: "கோல்ஃப் கார்ட் எடுக்கலன்னா கஷ்டம் மாமா." அதற்குத் தனி வாடகை. அதாவது கொடுத்த காசை அனுபவிக்க இன்னொரு காசு.

அடுத்தது ஒஹையோவில் சீடர் பாயிண்ட். 1870-லிருந்து இருக்கிற பழைய பார்க். ஈரி ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணல் திட்டில் ரோலர் கோஸ்டர்கள் வரிசையாக நிற்கும். அதன் ஓரத்திலேயே லைட்ஹவுஸ் பாயிண்ட் என்ற கேம்ப். 1862-ல் கட்டிய கலங்கரை விளக்கம் அங்கே இன்னும் நிற்பதால் அந்தப் பெயர். கேரவன் இடங்களும் சின்னச் சின்ன வீடுகளும் கலந்தது. பார்க்குக்கு நடந்தே போகலாம், அவ்வளவுதான் விஷயம். என் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண். மீதிப் பத்து ஏன் குறைகிறது என்றால், கோஸ்டர் மேலேறும் சங்கிலிச் சத்தமும் கீழே பாயும்போது ஜனங்கள் போடும் கூச்சலும். ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க டிரெய்லர் போகும் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது ஒரு சத்தமா? எங்கள் வீட்டில் யாருமே அதைக் குறையாகச் சொல்லவில்லை.

பாரிஸ் டிஸ்னியில் டேவி கிராக்கெட் ராஞ்ச் என்று ஒன்று. 1992-ல் பார்க்கோடு சேர்த்தே ஆரம்பித்தபோது அங்கே கேம்பிங் இடங்களும் இருந்தன. பிறகு அதையெல்லாம் எடுத்துவிட்டு முழுக்க மரவீடுகளாக்கிவிட்டார்கள். காட்டுக்குள் சமையலறையோடு வீடு. பார்க் சுமார் 8 கிலோமீட்டர் தள்ளி. பஸ் கிடையாது, சொந்தக் காரில்தான் போக வேண்டும். கார் இல்லாதவனுக்கு அது கேம்ப் இல்லை, வனவாசம். ஆனால் ஒரு பாடம் அதில் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். பென்சில்வேனியாவின் ஹெர்ஷிபார்க் கேம்ப்பும் பார்க்கை விட்டுத் தள்ளித்தான் இருக்கிறது, ஆனால் சீசனில் ஷட்டில் பஸ் விடுகிறார்கள். ஜெர்மனியின் யூரோப்பா-பார்க்கில் செவ்விந்தியர் கூடாரத்திலும் பழைய குதிரை வண்டியிலும் படுக்க வைக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சந்தோஷம், முதுகு பிடித்தவருக்கு இல்லை.

கடைசியாக, பார்க்கோடு சம்பந்தமில்லாத, பணக்கார மோட்டார் கோச் ரிசார்ட் மாதிரி. மச்சானுக்கு இதுதான் ஆசை. ஒவ்வொரு இடத்திலும் பாவு கல், தனிப் புல்வெளி, வெளியே ஒரு சமையல் மேடை, கிளப் ஹவுஸ். இதில் சிலவற்றில் பத்து வருஷத்துக்கு மேல் பழைய வண்டியை உள்ளே விட மாட்டார்கள். சில இடங்களில் பெரிய பஸ் வகைக்கு மட்டும்தான் அனுமதி, இழுத்து வரும் டிரெய்லருக்குக் கிடையாது. வண்டியைப் பார்த்து ஆளை எடைபோடுகிற வேலை. நம் பக்கம் கட்டுகிற கேம்ப்பில் இந்த விதி வருமானால் நான் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டேன். ஆனால் அவர்களுடைய தரையும் வடிகாலும் முதல்தரம். அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் வைத்து என் முடிவு: தூரத்துக்கு சீடர் பாயிண்ட், நிழலுக்கும் சாயங்காலத்துக்கும் ஃபோர்ட் வில்டர்னஸ், தரைக்குக் கோச் ரிசார்ட். கேம்ப்புக்கும் பார்க்குக்கும் நடுவில் ஒரே ஒரு பின்வாசல், அதுவரை நிழல் போட்ட நடைபாதை, கடைசி வண்டியிலிருந்தும் பத்து நிமிஷ நடை. இதற்கு மேல் தள்ளி ஓர் இடம்கூட விற்கக் கூடாது. வயதானவர்களுக்கு பேட்டரி வண்டி, அதற்குக் காசு கிடையாது.

படகு வேண்டும் என்று என் பையன் அடம்பிடித்தான். வடசென்னையில் படகு விட பக்கிங்ஹாம் கால்வாய் இருக்கிறது, மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறாயா என்று கேட்டேன். பேச்சு அதோடு முடிந்தது.

இடம் எது என்பதில்தான் சண்டை பெரிதாக வந்தது. கடலோரம் வேண்டும் என்பவர்கள் எண்ணூரையும் காட்டுப்பள்ளியையும் சொல்கிறார்கள். விடிந்தால் வண்டி மேல் சாம்பல் படியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்து மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போனதைப் பார்த்த பிறகு அங்கே யார் உல்லாசம் தேடிப் போவார்கள்? முதலில் அந்த ஆற்றைச் சுத்தம் செய்து அவர்களிடம் கொடுக்கட்டும். பழவேற்காடு அழகுதான், பூநாரை வரும். அதனாலேயே அங்கே ராட்டினம் போய் நிற்கக் கூடாது. ஒரு நாள் கேம்ப்பிலிருந்து வேனில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

மாதவரம் என் மனைவியின் கட்சி. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் இரண்டு வழித்தடங்கள் பால் பண்ணைப் பக்கம்தான் தொடங்குகின்றன. வண்டி இல்லாதவர்களும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்கிறாள். சரியான வாதம். ஆனால் மாதவரத்தில் நூறு ஏக்கர் சேர்ந்தாற்போல் வேண்டுமென்றால் கேம்ப்பில் ஒரு ராத்திரி வாடகையை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. தவிர, லாரி நிறுத்தத்துக்கே இடம் போதாத ஊர் அது.

என் ஓட்டு சோழவரம் பக்கம். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை வரும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை அந்த வட்டாரத்தைத் தொட்டுத்தான் போகிறது. பெங்களூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வரும் கேரவன் ஊருக்குள் நுழையாமலே வந்துவிடும். ஆந்திராவிலிருந்து வருகிறவர்களுக்குக் கொல்கத்தா நெடுஞ்சாலை. தண்டையார்பேட்டை ஆளுக்கும் செங்குன்றம் வழியாகப் போய்விடலாம். சோழவரத்துக்குச் சக்கரத்தோடு பழைய உறவும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில்தான் மெட்ராஸ் கார், பைக் ரேஸ்கள் நடந்தன. இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வரும் வரைக்கும் ஜனம் அங்கேதான் திரண்டது. எங்கள் பெரியப்பா காலத்தில் அதுதான் தீம் பார்க். ஏரிகளின் நீர்ப்பிடிப்பை விட்டுத் தள்ளி மேடான இடமாக வேண்டும், அவ்வளவுதான். புழலும் சோழவரமும் ஊருக்குக் குடிதண்ணீர் தருகிற ஏரிகள். அதில் நம் சோப்புத் தண்ணீர் போகக் கூடாது.

மீஞ்சூர் பக்கம் நிலம் மலிவு என்று ஒரு நண்பர் சொன்னார். அங்கே நிலத்தடியில் கடல்நீர் ஏறி எத்தனையோ வருஷம் ஆகிறது. உப்புத் தண்ணீரை வண்டியின் டேங்கில் ஏற்றினால் ஹீட்டரும் பம்ப்பும் சீக்கிரம் போய்விடும். மலிவுக்கு வாங்கி, தண்ணீர் லாரிக்கு அழ வேண்டியதுதான்.

இனி நான் சோறு தின்கிற விஷயம். மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை எனக்கு. கேரவன் கேம்ப் படத்தைக் காட்டினால் மற்றவர்கள் பூச்செடியைப் பார்ப்பார்கள், நான் திருப்பத்தைப் பார்ப்பேன். அமெரிக்காவின் பெரிய மோட்டார் ஹோம் 45 அடி வரை இருக்கிறது. நம் நாற்பதடி கன்டெய்னரைவிட ஐந்தடி நீளம். இதை மரத்துக்கு நடுவில் ரிவர்ஸில் விடச் சொன்னால் அந்தக் குடும்பத் தலைவருக்கு வேர்த்துவிடும். யார்டில் டிரெய்லர் ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் பின்னால் நின்று, "வா வா வா... ரைட் ஒடி, இன்னும் ஒடி... நேராக்கு..." என்று சொல்லிக்கொண்டே வந்து பாடியில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவான். நின்றுவிட வேண்டும். அந்த இரண்டு தட்டுக்குப் பிறகும் நகர்ந்தால் பின் கம்பத்துக்கு உயிர் போகும். டிரைவர் கண்ணாடியில் பார்ப்பது பாதிதான், மீதி அந்தக் குரல்.

அதனால் இரண்டு வகை இடமும் வேண்டும். நேராக நுழைந்து நேராக வெளியேறுகிற புல்-த்ரூ இடங்கள் வாசலுக்குப் பக்கத்தில், நீள வண்டிகளுக்கு. அவை கொஞ்சம் போதும், ஏனென்றால் இந்தியாவில் ஓடுகிற கேரவன்களில் நிறைய டிராவலர் வேன் சேஸில் கட்டியவைதான். மீதி எல்லாம் குட்டை இடங்கள், ரிவர்ஸில் விடுகிறவை, ஆனால் பக்கவாட்டில் அகலம் தாராளமாக. தளத்தின் நீளத்துக்குப் பணம் வாங்குவது அமெரிக்கக் கணக்கு. பந்தல் போட்டுப் பாய் விரித்துப் பத்துப் பேர் உட்கார இடம் தருவதுதான் நம் கணக்கு. இரவில் வருகிறவருக்குக் கைவிளக்கோடு ஒரு ஆள் வந்து வண்டியை ஓரம் கட்டிக் கொடுக்க வேண்டும். அந்த வேலைக்கு நம் பக்கம் ஆயிரம் கிளீனர்கள் தயார்.

கரண்டு. அமெரிக்கக் கேம்ப்பில் 30 ஆம்ப், 50 ஆம்ப் என்று இரண்டு வகைப் பாயின்ட். முப்பதில் 120 வோல்ட்டுக்கு 3,600 வாட். ஐம்பதில் இரண்டு கம்பியாக வருவதால் 12,000 வாட் வரை. பெரிய வண்டிகளில் இரண்டு மூன்று ஏசி இருப்பதால் ஐம்பது இல்லாத இடத்தை அவர்கள் தொட மாட்டார்கள். நம் ஊர் 230 வோல்ட்டில் வீட்டு 16 ஆம்ப் பிளக்கே 3,600 வாட்டுக்கு மேல் தரும். ஆனால் மே மாதம் மதியம் இரண்டு ஏசி, ஃபிரிட்ஜ், இண்டக்‌ஷன் அடுப்பு என்று ஒரே நேரத்தில் போட்டால் டிரிப் ஆகிவிடும். ஒவ்வொரு இடத்துக்கும் நீல நிற 32 ஆம்ப் இண்டஸ்ட்ரியல் சாக்கெட் ஒன்று, 7,000 வாட்டுக்குக் குறையாமல். இது ஒன்றும் அதிசயம் இல்லை. குளிர்பதன கன்டெய்னருக்கு யார்டில் த்ரீ ஃபேஸில் 32 ஆம்ப் பிளக் வரிசையாக வைத்திருக்கிறோம், மழையிலும் ஓடுகிறது. சாக்கெட் பெட்டி மட்டும் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஏன் என்று மணலி புதுநகர்க்காரரைக் கேட்டால் வெள்ளம் வந்த அளவைச் சுவரில் காட்டுவார். ஜெனரேட்டர் மொத்தக் கேம்ப்புக்கும் பொதுவாக ஒன்று, தூரத்தில். ஒவ்வொரு வண்டியும் தன் ஜெனரேட்டரை ஓட்டினால் தூக்கம் போய்விடும், புகையும் வரும்.

கழிவுதான் முக்கியம். விளம்பரப் படத்தில் யாரும் காட்டாத இடம், ஆனால் கேம்ப் நல்லதா கெட்டதா என்பது அங்கேதான் தெரியும். கேரவனில் மூன்று தொட்டி. நல்ல தண்ணீர் ஒன்று, குளியல், பாத்திரத் தண்ணீர் ஒன்று, கக்கூஸ் ஒன்று. கடைசி இரண்டும் வண்டிக்கு அடியில் ஒரே வாயில் வந்து சேரும். மூன்று அங்குல நெளிவுக் குழாயை அதில் மாட்டி மறுமுனையைத் தரையில் இருக்கும் ஓட்டையில் செருக வேண்டும். கக்கூஸ் வால்வை எப்போதும் திறந்து வைத்திருக்கக் கூடாது. திறந்து வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிவிட்டு மற்றது உள்ளேயே காய்ந்து கட்டியாகிவிடும். தொட்டி முக்கால்வாசி நிரம்பியதும் திறந்துவிட்டு, பிறகு குளியல் தண்ணீரைத் திறந்தால் குழாய் தானாகவே கழுவிக்கொள்ளும். வண்டியிலிருந்து ஓட்டைவரைக்கும் குழாய் சரிவாக இறங்க வேண்டும். ஓட்டை மேடாக இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒருவர் குழாயைத் தூக்கித் தூக்கி வடிக்க வேண்டும். குடும்பத்தில் அந்த வேலை யாருக்கு வரும் என்று எனக்குத் தெரியும்.

வடசென்னை தட்டை பூமி. சரிவு இல்லாத இடத்தில் கழிவுநீர் தானாக ஓடாது, பம்ப் வைத்துத்தான் தள்ள வேண்டும். அதனால் தளங்களை முதலிலேயே மண் கொட்டி உயர்த்தி, ஓட்டையைத் தளத்தின் தாழ்ந்த ஓரத்தில் வைத்து, எல்லாவற்றையும் கேம்ப்புக்குள்ளேயே ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய், அந்தத் தண்ணீரை மரங்களுக்கு விட வேண்டும். தினமும் கழிவுநீர் லாரி வந்து உறிஞ்சிப் போகும் என்று திட்டம் போடுகிற முதலாளியை நம்பக் கூடாது. ஒரு நாள் லாரி வராது. அந்த நாள் தீபாவளி லீவாக இருக்கும்.

பொதுக் குளியலறையும் அவசியம், வண்டிக்குள் இருந்தாலும். ஃபோர்ட் வில்டர்னஸில் ஏசி போட்ட பொதுக் கழிப்பறை, தனித்தனிக் குளியலறை, துணி துவைக்கும் மெஷின் எல்லாம் லூப்புகளுக்கு நடுவில் இருக்கின்றன. பத்துப் பேருக்கு வண்டியின் ஒற்றைக் கக்கூஸ் எப்படிப் போதும்? என் மனைவி பட்டியலில் முதல் வரியே இதுதான். பெண்கள் பக்கம் இருமடங்கு இருக்க வேண்டும், ராத்திரி முழுக்க வெளிச்சமும் ஒரு பெண் பணியாளரும் இருக்க வேண்டும் என்கிறாள்.

நிழல். பைன் மரத்துக்கு இங்கே வேலையில்லை. 2016 டிசம்பர் 12-ல் வர்தா அடித்தபோது குல்மோகரும் தூங்குமூஞ்சியும் வேரோடு சாய்ந்து கார்கள் மேல் கிடந்ததைப் பார்த்தோம். வண்டி மேல் கவிகிற மாதிரி அவற்றை வைக்கக் கூடாது. வேம்பு, புங்கை, பூவரசு. வெளி வேலியோரம் பனை. அவை வளரும் வரைக்கும் பச்சை வலைதான்.

இப்போது டேவி கிராக்கெட் பாடம். அவர்கள் ஏன் கேம்பிங் இடத்தை விட்டுவிட்டு வீடு வைத்தார்கள் என்பதற்குக் கம்பெனி எந்தக் காரணம் வைத்திருந்தாலும், நமக்கு அது பொருந்துகிறது. சொந்தக் கேரவன் வைத்திருப்பவர் இங்கே எத்தனை பேர்? 2021-ல் கேரளா கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்து, வாகமண்ணில் கேரவன் பார்க் திறந்தது. அங்கேயும் வருகிறவர் பெரும்பாலும் வாடகை வண்டிக்காரர்தான் இருக்க முடியும். ஃபோர்ட் வில்டர்னஸே எழுபதுகளில் டிரெய்லரை நிறுத்தி வைத்து வாடகைக்கு விட்டது. இப்போது அங்கே ஆறு பேர் படுக்கும், முழுச் சமையலறை உள்ள கேபின்கள். 2024-ல்தான் புதிதாக மாற்றினார்கள். எனவே நம் கேம்ப்பில் முக்கால்வாசி இடத்தில் கேம்ப்பின் சொந்த கேரவன்கள் தயாராக நிற்க வேண்டும். பையோடு மெட்ரோ, பஸ் பிடித்து வருகிறவர் சாவியை வாங்கிக்கொண்டு ஏறிவிடலாம். கால்வாசி இடம் ஓட்டி வருகிறவருக்கு. மச்சான் இதை ஒப்புக்கொள்ளவில்லை, "அப்புறம் அது ஹோட்டல்தான மாமா" என்கிறான். சக்கரம் இருக்கிற வரைக்கும் ஹோட்டல் இல்லை என்பது என் பதில்.

சாயங்காலத்தில் டிஸ்னியைக் காப்பி அடிக்க வேண்டியதில்லை. அங்கே சிப்மங்க் என்ற அணில் பொம்மை வேஷம் போட்டவர் வந்து பிள்ளைகளோடு ஆடுகிறார் என்றால், இங்கே ஒரு கானா கச்சேரி, விளக்குக் கம்பத்தடியில் நாலு கேரம் போர்டு, ஒரு சின்ன கால்பந்து மைதானம். கேன்டீனில் அத்தோவும் மொய்ங்காவும். பர்மாவிலிருந்து வந்தவர்கள் பாரிமுனையில் பழக்கிவிட்ட ருசி, வெளியூர்க்காரருக்கு அதுவே காட்சி. காசிமேட்டிலிருந்து விடியற்காலை மீன் வண்டி. பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது. இதில் எனக்கும் என் பையனுக்கும் ஒத்துவராது, ஆனால் மறுநாள் காலை கேட் திறக்கும்போது முதல் ஆளாக நிற்க வேண்டியவன் அவன்தான்.

மீன் வறுப்பதற்குத் தடை போடுவார்கள் என்று மாமியாருக்குச் சந்தேகம். வண்டிக்குள் வறுத்தால் மெத்தையிலெல்லாம் வாடை ஏறும் என்பது உண்மைதான், அடுத்து வருகிறவர் பாவம். அதற்கு வெளியே தளத்தோரம் ஒரு கடப்பாக்கல் மேடையும் கேஸ் பாயின்டும். கோச் ரிசார்ட்டில் கிரில் என்று ஆடம்பரமாக வைத்திருப்பதும் அதுதானே.

வாடகை எவ்வளவு என்று நான் எண் சொல்லப் போவதில்லை. ஒரு நிபந்தனை மட்டும்: வண்டிக்கு வாடகை, தலைக்கு அல்ல. பார்க் டிக்கெட்டில் மதியம் வெளியே போய்த் திரும்ப வரக் கையில் முத்திரை குத்துவது அதிலேயே சேர்ந்திருக்க வேண்டும். இந்த முத்திரை இல்லாவிட்டால் மேலே எழுதியது எல்லாம் வீண், பின்வாசலைப் பூட்டிவிடலாம்.

மழைக்கால ஏற்பாடும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் மில்டன் புயல் வந்தபோது டிஸ்னி தன் ஹோட்டல்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபோர்ட் வில்டர்னஸை முன்கூட்டியே காலி செய்தது. காற்றுக்குக் கேரவன் தாங்காது. ஓட்டி வந்தவர் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். நிறுத்தி வைத்த வாடகை வண்டிகள் என்ன ஆகும்? அதனால் அவை செங்கல் மேல் ஏற்றி வைத்த பெட்டிகளாக ஆகிவிடக் கூடாது. டயரில் காற்று, வேலை செய்கிற பிரேக், செல்லுபடியாகும் எஃப்.சி, எல்லாம் அக்டோபர் முதல் வாரத்துக்குள் சரிபார்த்திருக்க வேண்டும். எச்சரிக்கை வந்ததும் தங்கியிருப்பவருக்கு மீதி நாள் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வண்டிகளைப் பார்க்கின் கான்கிரீட் ஷெட்டுக்குள் இழுத்துவிட வேண்டும். நவம்பர், டிசம்பரில் பாதி இடங்களுக்கு மட்டுமே முன்பதிவு. அந்த இரண்டு மாத வருமானத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு கடன் வாங்குகிற முதலாளி இந்த வேலைக்கு வரக் கூடாது.